“வீட்டை விக்கப் போறோம்... காலி பண்ணுங்க!” திருவல்லிக்கேணி சந்து வீட்டில் நடந்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை. மணி 9 இருக்கும். திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்து. அங்கே உள்ள பழைய மாடி வீட்டின் படிகளில், சுவரைப் பிடித்தபடி மெல்ல ஏறி வந்தார் வீட்டுக்கார அம்மா.

அவருக்கு வயது 72. முழங்கால் வலி. மாடிக்கு வந்தே நாலு வருஷம் ஆகிறது. வாடகையைக்கூட மாடிக் குடித்தனக்காரர்தான் ஒவ்வொரு மாதமும் 5-ந் தேதி கீழே போய் கையில் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றதும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பகீர் என்றது.

நாற்காலி போட்டார்கள். காபி கொடுத்தார்கள். அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“தம்பி, பசங்க மூணு பேரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்கப்பா. வீட்டைக் குடுத்துடலாம்னு சொல்றாங்க. தைக்குள்ள நீங்க வேற இடம் பார்த்துக்கிட்டா நல்லாயிருக்கும்” என்றார்.

அப்போது கார்த்திகை மாதம் பாதி போய்விட்டது. அடுத்தது மார்கழி. மார்கழியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? அது அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

19 வருஷம்

மாடியில் இருப்பவர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் கணக்கு எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு வந்தார். 19 வருஷம் ஓடிவிட்டது. மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ்-2 படிக்கிறாள். மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். சாயங்காலம் ஆனால் சந்தில் இருப்பவர்கள் பாத்திரத்தோடு வந்து படியில் நிற்பார்கள். மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் படியில்தான் வருகிறது.

வாடகை ரூ.9 ஆயிரம். அட்வான்ஸ் ரூ.80 ஆயிரம். முதலில் 30 ஆயிரம் கொடுத்தது; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தது. எதற்கும் ரசீது இல்லை. ஒப்பந்தமும் இல்லை. வந்த புதிதில் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஒன்று எழுதினார்கள். அது முடிந்த பிறகு, “நமக்குள்ள எதுக்குப்பா காகிதம்?” என்று வீட்டுக்கார அம்மாவின் கணவர் சொல்லிவிட்டார். அவர் இப்போது இல்லை.

கீழே வாசல் பக்கம் ஒரு தையல் கடை. தையல்காரர் 31 வருஷமாக அங்கே இருக்கிறார். வாடகை ரூ.4,500. மாடிக்காரர் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் மிஷினை நிறுத்தவில்லை. காலால் மிதித்துக்கொண்டே, “விக்கட்டும் சார். யார் வேணாம்னது? நான் ஏன் போகணும்?” என்றார்.

அவர் கேட்ட கேள்வி பேச்சுக்குக் கேட்டது அல்ல. இந்த விவகாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ்

வீட்டுக்கார அம்மாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவன் என்றால் ஏழை, வீட்டுக்காரர் என்றால் பணக்காரர் என்று சினிமாவில் வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த வீடு அவருடைய மாமனார் கட்டியது. தேக்குக் கட்டையின் மேல் சன்னச் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். ஒரு இடத்தில் ஒழுக ஆரம்பித்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் இன்று லேசில் கிடைப்பதில்லை. இரண்டு வாடகையும் சேர்ந்தால் ரூ.13,500. அதிலே சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர், அவருடைய மருந்துச் செலவு எல்லாம். போன மழையில் சமையலறைக் கட்டை ஒன்று வளைந்துவிட்டது. முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் மூன்று, பெண் ஒன்று. ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில், ஒருவர் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம். பெண் திருச்சியில். ஆளுக்கு ஒரு கடன். வீட்டை விற்றால் எல்லாம் தீரும் என்கிறார்கள். தகப்பனார் உயில் எழுதவில்லை. ஆகவே அம்மாவுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் ஆக 5 பங்கு. அம்மா ஒருத்தர் வேண்டாம் என்றால் எத்தனை நாள் நிற்கும்?

விலை பேசியவர் ஒரு கட்டிட புரமோட்டர். பழசை இடித்துவிட்டு பிளாட் கட்டப்போகிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “காலியாகக் கொடுக்க வேண்டும். ஆள் இருந்தால் விலை வேறு.”

வேறு என்றால் எவ்வளவு வேறு? பல லட்ச ரூபாய் வேறு. குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கார அம்மா மாடி ஏறியதற்குக் காரணம் அந்தப் பல லட்ச ரூபாய்தான்.

புரோக்கர் கொண்டுவந்த தாள்

புதன்கிழமை இரவு புரோக்கர் வந்தார். கையில் ஒரு கவர். அதில் 25 ஆயிரம் ரூபாய். கூடவே டைப் அடித்த தாள் ஒன்று.

“சார், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இங்க ஒரு கையெழுத்து. அம்மாவுக்கு ஒரு நிம்மதி. ஷிஃப்டிங் செலவுக்கு இதை வச்சுக்கோங்க.”

தாளில் இருந்தது நாலே வரி. “எனது சொந்த வசதியை முன்னிட்டு, 3 மாத காலத்தில் நானாகவே வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிடுவதாக இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.” அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாடிக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். இவ்வளவு நாள் பழகிய அம்மா. சண்டை எதற்கு என்ற எண்ணம்.

மனைவி சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தார். “நாளைக்குப் போடலாங்க. ராத்திரி வேளையில கையெழுத்து எதுக்கு?” என்றார்.

புரோக்கரின் முகம் மாறியது. “கோர்ட்டுக்குப் போனா ஒரே மாசத்துல போலீஸ் வந்து சாமானை வெளிய வைக்கும் சார். இப்ப சட்டமெல்லாம் மாறிப்போச்சு” என்று சொல்லிவிட்டு, கவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சட்டம் மாறியது உண்மைதான். ஆனால் புரோக்கர் சொன்ன மாதிரி மாறவில்லை.

தம்புச் செட்டி தெருவில்

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்காரர் தம்புச் செட்டி தெருவுக்கு நடந்தார். கடையில் பேப்பர் வாங்கும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் பழக்கம். அவர் மூலம் வக்கீலைப் பார்த்தார்.

வக்கீல் தாளைப் படித்தார். “கையெழுத்துப் போட்டுட்டீங்களா?” என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும், “பொழைச்சீங்க” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு இன்று நேற்று வந்தது அல்ல. 1946, 1949, அப்புறம் 1960 என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1960-ம் ஆண்டுச் சட்டம்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊரை ஆண்டது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டுக்காரரின் சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது என்று குறிப்பிட்ட சில காரணங்களைச் சொன்னால்தான் ஆளைக் காலி செய்ய முடியும். “விற்கப் போகிறேன்” என்பது அந்தக் காரணங்களில் ஒன்று அல்ல. விலைக்கு வாங்கியவரும் மறுநாளே வந்து, “எனக்கு வேணும், கிளம்பு” என்று சொல்ல முடியாது. பத்திரம் பதிவாகி 3 மாதம் ஆன பிறகுதான் சொந்த உபயோகத்துக்கு என்று மனுவே போடலாம்.

அதே சட்டத்தில், மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்றும் ஒரு பிரிவு இருந்தது. 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம் ஆனது. அப்பா போட்ட வழக்கில் மகன் சாட்சி சொன்ன கதைகள் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறுவழக்கு கோர்ட்டில் ஏராளம். தையல்காரர் தைரியமாகப் பேசியதும் அந்தக் காலத்து நினைப்பில்தான்.

அந்தக் காலம் போய்விட்டது. 2017-ல் புதுச் சட்டம் நிறைவேறியது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. 1960-ம் வருஷச் சட்டம் போயே போய்விட்டது.

புதுச் சட்டத்திலும், விற்பனை என்பது மட்டும் ஆளைக் கிளப்பும் காரணம் ஆகாது. வாடகை பாக்கி, இடத்தைக் கெடுப்பது, இடித்துக் கட்டுவது போன்றவைதான் 21-வது பிரிவில் வருகின்றன. விற்பனை என்ற பேச்சு அங்கே வருவது ஒரே இடத்தில். குடித்தனக்காரர் தானாகவே “காலி செய்கிறேன்” என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி வீட்டுக்காரர் விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டால், அப்போது இடத்தைக் கேட்கலாம்!

புரோக்கர் கொண்டுவந்த தாள் எதற்கு என்று இப்போது புரிகிறதா? இல்லாத ஒரு காரணத்தைக் குடித்தனக்காரர் கையாலேயே எழுதி வாங்கும் தாள் அது.

தலையில் விழுந்த இடி

இத்தோடு முடிந்திருந்தால் மாடிக்காரர் சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பியிருப்பார். வக்கீல் அடுத்ததாக, “அக்ரிமென்ட் எங்கே?” என்று கேட்டார்.

இல்லை என்றார் இவர்.

புதுச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே குடியிருப்பவர்களும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதி. எழுதவில்லை என்றால்? எழுதாததே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம்! 21-வது பிரிவில் முதலாவதாக நிற்பது அதுதான். யார் எழுத மறுத்தது, யார் மேல் தப்பு என்று இந்தப் பிரிவை வைத்து ஐகோர்ட்டு வரை எத்தனையோ வழக்குகள் போயிருக்கின்றன.

“நமக்குள்ள எதுக்குப்பா காகிதம்” என்று 18 வருஷத்துக்கு முன்னால் அன்பாகச் சொன்ன அந்த வார்த்தை, இப்போது இடியாக வந்து விழுந்தது.

வக்கீல் சொன்னதாவது:-

“விக்கிறதுனால மட்டும் உங்களை யாரும் வெளிய அனுப்ப முடியாது. வீட்டோட சேர்ந்து நீங்களும் புது ஓனர் கைக்குப் போவீங்க. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. நீங்க குடியிருக்கிறது கண்ணுக்குத் தெரியுது. தெரியாம வாங்கிட்டேன்னு வாங்கினவர் சொல்ல முடியாது. ஆனா அக்ரிமென்ட் இல்லைன்னு அவங்க மனு போட்டா, நீங்க ரொம்ப நாள் இழுக்கவும் முடியாது. கோர்ட்டு ஆர்டருக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தா இரட்டை வாடகை. அதனால நீங்களும் பயப்படாதீங்க, அவங்களையும் பயமுறுத்தாதீங்க. உட்கார்ந்து பேசுங்க. பேசினதை எழுதுங்க.”

பீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, “அடுத்த தடவை பேப்பர் ரீமுக்கு விலையைக் குறைச்சுப் போடுங்க” என்றாராம்.

வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

வீடு வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். 30 வருஷத்துக்கு அடமானம் இருக்கிறதா, கிரயம் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கிறார்கள். 11 மாத ஒப்பந்தம் அதில் வராது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால்தான் பத்திர ஆபீசில் கட்டாயம் பதிய வேண்டும். அதனால்தானே ஊர் முழுக்க 11 மாதம் என்று எழுதுகிறார்கள்! ஆக, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரர், வில்லங்கச் சான்றில் இருக்க மாட்டார். நேரில் போய்க் கதவைத் தட்டி, “நீங்க யாரு, எவ்வளவு அட்வான்ஸ் குடுத்தீங்க?” என்று கேட்பவருக்குத்தான் தெரியும்.

இதைவிட மோசமான விவகாரம் ‘லீசு’ வீடுகள். மாத வாடகை கிடையாது. மொத்தமாக 5 லட்சம், 8 லட்சம் என்று கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், ரிட்டையர் ஆகி வாங்கிய பணம் எல்லாம் அதில் போய் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். வீடு கைமாறும்போது பழையவர், “புது ஓனர் தருவார்” என்பார். புதியவர், “நான் உன்கிட்ட வாங்கினேனா?” என்பார். நடுவில் நிற்பவரிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகக் காகிதம். பணம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காமல் இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரிவதில்லை.

வேறு சில இடங்களில் பேச்சே கிடையாது. திடீரென்று தண்ணீர் மோட்டார் ஓடாது. கரண்ட் போகும். மாடிப்படி விளக்கு உடையும். ‘இடிக்கிற வேலை’ என்று காலை 6 மணிக்கே கடப்பாரை சத்தம் கேட்கும். இப்படித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது புதுச் சட்டப்படி குற்றமான காரியம்தான். 20-வது பிரிவின் கீழ் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத வீட்டில் எத்தனை பேர் மனு எழுத உட்காருகிறார்கள்? பாதிப் பேர் அந்த வாரமே லாரியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

திருவல்லிக்கேணி அம்மா அப்படிச் செய்கிறவர் அல்ல. ஒருநாள் மோட்டார் நின்றபோது, “நான் நிறுத்தலப்பா, காயில் போயிடுச்சு” என்று அவரே மாடியைப் பார்த்துக் கத்திச் சொன்னார்.

பாய் விரித்துப் பேச்சு

மார்கழி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு, கீழ்க்கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். தாம்பரம் மகன் வந்திருந்தார். துபாய் மகன் செல்போனில். புரமோட்டரின் மானேஜர் ஒருவர். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். புரோக்கரைக் கூப்பிடவில்லை.

மாடிக்காரர் கேட்டது இரண்டே. மகளுக்குப் பரீட்சை முடியும்வரை வீடு. முழு அட்வான்ஸ் கையில்.

“பரீட்சை மார்ச்சில் முடியுது இல்ல? ஏப்ரல் ஒண்ணு” என்றார் மானேஜர்.

“முடிஞ்ச மறுநாளே புள்ளையை மூட்டை தூக்கச் சொல்றீங்களா சார்?” என்று மனைவி கேட்டார்.

கடைசியில் மே 15 என்று நின்றது.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் சத்தம் வந்தது. “30 ஆயிரம்தான் அப்பா கணக்குல இருக்கு” என்றார் துபாயிலிருந்து மகன். மாடிக்காரர் முகம் சிவந்துவிட்டது. கணக்கு எழுதுகிறவர்; எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்று சொந்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அதில் அடுத்தவர் கையெழுத்து இல்லை. சபை ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா, “80 ஆயிரம்டா. கடைசி 20 ஆயிரத்தை என் கையிலதான் குடுத்தார். உங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் கேட்டு வாங்கினது” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அன்றே எழுதினார்கள். மே 15 வரை வாடகை அதே 9 ஆயிரம். 80 ஆயிரத்தில் பாதி, புரமோட்டர் முன்பணம் கொடுக்கும் அன்றைக்கு. மீதி சாவி கொடுக்கும் அன்றைக்கு. லாரிச் செலவுக்கு 15 ஆயிரம் தனி. விற்பவரும், வாங்குபவரும், குடியிருப்பவரும் மூவருமே கையெழுத்து. ‘என் சொந்த வசதியை முன்னிட்டு’ என்ற வார்த்தை இல்லவே இல்லை. ‘மீதி அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகே சாவி’ என்ற வரி இருந்தது. அந்த வரியை எழுதச் சொன்னது மனைவி.

புரமோட்டர் கொடுக்கவிருந்த 25 ஆயிரத்தைவிட இது 10 ஆயிரம் குறைவாயிற்றே என்று சந்தில் சிலர் சொன்னார்கள். அட்வான்ஸ் 80 ஆயிரமும் அந்தக் கவரோடு போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

தையல்காரர் கேஸ்

தையல்காரர் மசியவில்லை. 3 லட்சம் தருவதாக மானேஜர் சொன்னார். “புது பில்டிங்கில் கீழே கடை தர்றோம்” என்றும் சொன்னார். “அதை எழுதிக் குடுங்க” என்றார் தையல்காரர். மானேஜர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசியில், தையல் கடையோடு சேர்த்தே புரமோட்டர் வாங்கினார். விலையில் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொண்டார். குறைந்த தொகை 5 பங்கிலும் விழுந்தது. துபாய் மகன் தையல்காரரோடு இப்போது பேசுவதில்லை, முன்பும் பேசியதில்லை.

ஜூன் மாதம் பத்திரம் பதிவானது. 20-ந் தேதி தையல் கடைக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. “இனி வாடகையை எங்களிடம் கட்டவும். ஜூன் மாத வாடகையையும் உடனே செலுத்தவும்.”

தையல்காரர் ஜூன் வாடகையை 5-ந் தேதியே அக்காவிடம் கொடுத்துவிட்டார். மறுபடி ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டாம் என்பதுதான் சட்டம். சொத்து கைமாறிய விஷயம் தெரியாமல் பழைய உரிமையாளருக்குக் கட்டிய வாடகை, கட்டியதுதான். இரண்டாம் முறை கேட்க முடியாது. 109-வது பிரிவில் 1882-லிருந்தே எழுதியிருக்கிறது. மாடிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி அதையே பதில் எழுதிப் போட்டார். ஜூலையிலிருந்து புது ஓனரின் பாங்கிக் கணக்குக்கு மாதாமாதம் பணம் போகிறது. ரசீது வருகிறதோ இல்லையோ, அனுப்பிய சீட்டைத் துணிப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறார்.

இடித்துக் கட்டுவதற்கு இடம் வேண்டும் என்று புரமோட்டர் மனு போடுவார். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தையல்காரருக்கும் அது தெரியும். “தீபாவளி ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்” என்கிறார்.

அம்மாவுக்கு எங்கே வீடு?

மாடிக்காரர் மே 12-ந் தேதியே காலி செய்துவிட்டார். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு இரண்டாம் மாடி. வாடகை 14 ஆயிரம். தண்ணீர் நன்றாக வருகிறது. ஆனால் இரண்டு மாடி ஏறி மாவு வாங்க யார் வருவார்கள்? மனைவி இப்போது கீழே ஒரு மளிகைக் கடையில் பாக்கெட் போட்டுக் கொடுத்து வைக்கிறார். பாக்கெட்டுக்குக் கடைக்காரருக்கு 5 ரூபாய் போகிறது. மகள் பாஸ். புது வீட்டில் ஒப்பந்தம் எழுதி, பதிவு செய்து, நம்பரும் வாங்கியாகிவிட்டது. 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, சட்டப்படி சரியல்ல என்று மாடிக்காரர் புது வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். “அப்படின்னா வேற வீடு பாருங்க” என்று பதில் வந்தது. 5 மாதம் கொடுத்தார்.

வீட்டுக்கார அம்மா?

விற்ற வீட்டின் பின்கட்டில் இருந்த அவரும்தானே காலி செய்ய வேண்டும்! தாம்பரம் மகன் வீட்டில் 20 நாள் இருந்தார். கோயில் இல்லை, தெரிந்த முகம் இல்லை. திருவல்லிக்கேணியிலேயே ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டார். பங்குப் பணம் பாங்கியில் இருக்கிறது. வீடு கிடைத்தால் போதும்.

வீடு கிடைக்கவில்லை. “தனியாவா இருக்கீங்க?” என்று கேட்கிறார்கள். “வயசு என்ன?” என்று கேட்கிறார்கள். “ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பார்க்கிறது?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டாராம் ஒரு வீட்டுக்காரர். நாலு டூலெட் போர்டு பார்த்து நாலிலும் இதே கதை.

ஒரு சாயங்காலம் ஐஸ் ஹவுஸ் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி ஏற முடியவில்லை. கீழே படியில் உட்கார்ந்து சொல்லியனுப்பினார். மாடிக்காரரும் மனைவியும் இறங்கி வந்தார்கள்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி கீழ்ப்போர்ஷன் ஏதாவது இருந்தா பாருப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அக்ரிமென்ட் எழுதித் தரச் சொல்லு. பதிவும் பண்ணணும். எனக்குக் காகிதம் வேணும்” என்றார்.

கீழ்ப்போர்ஷன் ஆவணியில் காலியாகிறது. ஆடியில் பேச வேண்டாம் என்று மாடிக்காரர் காத்திருக்கிறார்.